மூன்று விரல் சந்தனம்

விமானம் ஒன்று விழுந்தால் காரணம் சொல்ல நூறு பேர் வருவார்கள். ஓட்டினவள் செத்துப்போயிருந்தால் இன்னும் சௌகரியம். எதிர்த்துப் பேச ஆள் இல்லை பாருங்கள்.

கரிசல் காட்டுக்கு நடுவே, யுத்த காலத்தில் போட்ட பழைய ரன்வே ஒன்று. அதன் ஓரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. இருந்ததே இரண்டு விமானங்கள்தான். ஒற்றை என்ஜின், இரண்டு இருக்கை, முன்னால் ஒரு விசிறி. ஒன்றைப் பெரியவள் என்பார்கள், மற்றதைச் சின்னவள் என்பார்கள். விஜயதசமி அன்று காலையில் சின்னவள் இருநூறு அடி ஏறியது. பிறகு மூக்கைக் கீழே குத்தி, உழுது போட்டிருந்த நிலத்தில் விழுந்து எரிந்தது.

உள்ளே கோகிலவாணி. இருபது வயது. பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் அவள் தனியாகப் பறந்த முதல் தடவை அது. நல்ல காரியத்தை விஜயதசமியில் தொடங்கினால் விளங்கும் என்று நாள் குறித்துக் கொடுத்தவர் அவளுடைய வாத்தியார் பரஞ்சோதி.

பரஞ்சோதிக்கு நாற்பத்தெட்டு வயது. பள்ளியின் தலைமைப் பயிற்சியாளர். நெற்றியில் விபூதி இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. நல்ல மனுஷன்தான். அதைச் சொல்லத்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

விபத்து நடந்து ஏழு நாள் ஆயிற்று. அரசாங்க விசாரணை முடிய ஒரு வருஷம் ஆகும். அதற்கு முன்னால் பள்ளி தன் பங்குக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். விவரம் தெரிந்த வெளியாள் ஒருவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பரஞ்சோதி யோசிக்கவே இல்லை. தனக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டார்.

"வர்றேன்," என்றார் துரைக்கண்ணு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபது வயதிலும் முதுகு வளையாத மனுஷன். வாசல் கேட்டில் காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கோகிலவாணியின் அப்பா சுடலைமுத்து. அரசு பஸ் டிரைவர். எட்டு நாளாக, டியூட்டிக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில் வந்து அந்த இடத்தில் நிற்கிறார். சண்டை போடவில்லை, கத்தவில்லை, ஆள் கூட்டி வரவில்லை. முதல் நாள் பரஞ்சோதியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எம் மக தப்புப் பண்ணிட்டாளா சார்?"

"எல்லாம் விதி அண்ணாச்சி," என்று சொல்லி பரஞ்சோதி உள்ளே போய்விட்டார்.

இப்போது துரைக்கண்ணு அந்த ஆளிடம் நின்று பேசுவதை பரஞ்சோதி ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பத்து நிமிஷம் பேசினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். பரஞ்சோதி ஜன்னலை விட்டு நகரவில்லை.

துரைக்கண்ணு உள்ளே வந்தார். உட்கார்ந்தார்.

"என்ன சார் சொன்னார்?"

"அவர் வேலையைப் பத்திப் பேசினோம். அறிக்கையைக் கொடு."

பரஞ்சோதி கொடுத்தார். இரண்டே பக்கம். துரைக்கண்ணு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

'புறப்படுமுன் விமானத்தைச் சோதித்தவர்' என்ற கட்டத்தில், 'பரஞ்சோதி, தலைமைப் பயிற்சியாளர். குறை ஏதும் இல்லை' என்று இருந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில், 'மாணவி கோகிலவாணி பதற்றத்தில் விமானத்தின் மூக்கை அளவுக்கு மீறிக் கீழே தள்ளியது' என்று இருந்தது.

"பதட்டப்படற பொண்ணா?" என்றார் துரைக்கண்ணு.

"இல்லை சார். இந்த செட்லயே அவதான் நிதானம்."

"வானம்?"

"கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"என்ஜின்?"

"கடைசி வரைக்கும் ஓடிச்சு. சத்தம் கேட்டுச்சே."

துரைக்கண்ணு காகிதத்தை மேஜைமேல் வைத்தார்.

பரஞ்சோதியால் அடக்க முடியவில்லை. "நல்ல வானம், நல்ல என்ஜின், நல்ல பொண்ணு. அப்புறம் எப்படி சார் விழும்? நீங்களே சொல்லுங்க. எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கணும்?"

செத்தது அந்தப் பெண். எனக்கு ஏன் நடந்தது என்று கேட்டது இவர். கவனித்தீர்களா?

துரைக்கண்ணு சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வருஷத்து ஆயுத பூஜை. பெரியவளும் சின்னவளும் மாலை போட்டுக்கொண்டு நிற்கின்றன. முன்னால் சுண்டல், பொரி, திருஷ்டிப் பூசணிக்காய். பரஞ்சோதி வேட்டியில், கையில் சந்தனக் கிண்ணம். கோகிலவாணி ஓரத்தில் சிரிக்கிறாள்.

"பொட்டு வச்சது யாரு?"

"நான்தான் சார். வருஷா வருஷம் நான்தான். மூக்குல மட்டும் வைப்பேன். இந்தத் தடவை போட்டோவுக்கு எடுப்பா இருக்கட்டும்னு கதவுப் பக்கமும் பட்டை போட்டேன்."

"பெரியவ எங்கே?"

"ஹேங்கர்ல. அன்னிக்குப் பூட்டினது. யாரும் தொடலை."

"வா. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

"பறக்கத் தடை போட்டிருக்காங்க சார்."

"என்ஜினைத் தரையில ஓட விட்டுப் பார்க்கத் தடை இல்லையே. வா."

பரஞ்சோதி அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விமானம் நிறுத்துகிற கொட்டகையான ஹேங்கரைத் திறந்தார்கள். பெரியவள் வாடிய மாலையோடு நின்றது. ஒன்பது நாள் மாலை, நாற்றம் வேறு. துரைக்கண்ணு மாலையைக் கழற்றி ஓரமாகப் போட்டார்.

"நீதான் ஓட்டப் போறே. சுத்திப் பார்த்துட்டு ஏறு."

விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒரு முறை சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சட்டம். பரஞ்சோதி சுற்றினார். வாலை அசைத்துப் பார்த்தார். பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார். டயரை உதைத்தார். கடைசியாக இடது பக்கம் வந்தார்.

கதவுக்கு முன்னால், விமானத்தின் விலாவில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை உண்டு. வெளிக்காற்றின் அழுத்தம் அது வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை வைத்துத்தான் வேகம் காட்டுகிற ஊசி வேலை செய்கிறது. அந்தத் துளை அடைபட்டால் தரையில் ஒன்றும் தெரியாது. விமானம் மேலே ஏற ஏற, வேகம் சரியாக இருக்கும்போதே ஊசி மட்டும் மளமளவென்று இறங்கும். வேகம் செத்துவிட்டது, விழப்போகிறோம் என்று காட்டும்.

அந்தத் துளைமேல் மூன்று விரல் சந்தனப் பட்டை. காய்ந்து காரையாக இறுகிக் கிடந்தது. நடுவில் குங்குமம்.

பரஞ்சோதி அதைப் பார்த்தார். துரைக்கண்ணு ஓர் அடி தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பரஞ்சோதியின் கை பாதி வரை போயிற்று. பிறகு திரும்பி வந்தது.

"சரியா இருக்கா?" என்றார் துரைக்கண்ணு.

"இருக்கு சார்."

"ஏறு."

ஏறினார்கள். இடது பக்கம் சிஷ்யன், வலது பக்கம் குரு. என்ஜின் இருமிக்கொண்டு பிடித்தது. ரன்வேயின் தலைமாடு வரை உருட்டிக்கொண்டு போனார் பரஞ்சோதி. காலை வெயில் நேரே முகத்தில் அடித்தது. தூரத்தில், உழுத நிலத்தில், எரிந்த இடம் வட்டமாகத் தெரிந்தது.

"ம். கிளம்பு."

"சார், தடை…"

"நான் சொல்றேன். கிளம்பு."

பரஞ்சோதியின் கை, என்ஜின் வேகத்தைக் கூட்டுகிற த்ராட்டில்மேல் இருந்தது. ஊசி இல்லாமலே தன்னால் ஓட்ட முடியும் என்று அவருக்குத் தெரியும். ஐயாயிரம் மணி நேரம் பறந்தவர். உட்காருகிற இடமே வேகத்தைச் சொல்லிவிடும். துரைக்கண்ணுவுக்கும் அப்படித்தான். ஆகவே வாயைத் திறக்காமல் ஏறி இறங்கிவிடலாம். ஒன்றும் ஆகாது. கையெழுத்தும் கிடைத்துவிடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார், பாவி மனுஷன். சோறுதான் போதவில்லை.

பதினாலு மணி நேரம் மட்டுமே பறந்திருந்த அந்தப் பெண்ணுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அவருக்கே ஞாபகம் வந்தது. உன் உடம்பு பொய் சொல்லும், ஊசியை நம்பு. அவள் சொன்னதைக் கேட்கிற பெண். ஊசி இறங்கிற்று. நம்பினாள். வேகம் வேண்டுமென்று மூக்கைக் கீழே தள்ளினாள்.

பரஞ்சோதி என்ஜினை அணைத்தார்.

விசிறி நின்றது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏன்?" என்றார் துரைக்கண்ணு.

"துளை அடைச்சிருக்கு சார். சந்தனம்."

"எப்போ பார்த்தே?"

"ஹேங்கர்லயே."

"ஏன் சொல்லலை?"

"நீங்க பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க. உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்?"

துரைக்கண்ணு தலையை ஆட்டினார். அவர் இதற்காகத்தான் கூட்டி வந்தார் போலிருக்கிறது. "அவளும் இதேதான் நினைச்சிருப்பா. சார் கையால வச்ச சந்தனம், சாருக்குத் தெரியாதான்னு. வாத்தியார்கிட்ட வாய் திறக்கப் பயந்து…"

"இல்லை சார்."

"என்ன இல்லை?"

"அவ பயப்படலை." பரஞ்சோதி த்ராட்டிலை விட்டுக் கையை எடுத்தார். "அவ கேட்டா."

துரைக்கண்ணு இதை எதிர்பார்க்கவில்லை. திரும்பிச் சிஷ்யனைப் பார்த்தார்.

"என்ன கேட்டா?"

"'சார், இந்தத் துளைமேல சந்தனம் அப்பியிருக்கு, துடைச்சிடவா'ன்னு கேட்டா. நான் போன்ல இருந்தேன். சந்தனம்கிறது மட்டும்தான் மனசுல ஏறிச்சு. துளைன்னு சொன்னது ஏறலை. சத்தியமா ஏறலை சார்."

"நீ என்ன சொன்னே?"

"'சாமிக்கு வச்சதை யாராவது துடைப்பாங்களா, நல்ல நேரம் முடியுது, ஏறும்மா'ன்னேன்."

"அதுக்கு அவ?"

"'இல்லை சார், துளை'ன்னு மறுபடியும் ஆரம்பிச்சா."

"ரெண்டாவது தடவையும் கேட்டாளா?"

"கேட்டா."

"அப்போ நீ என்ன சொன்னே, பரஞ்சோதி?"

பரஞ்சோதி நின்றுபோன விசிறியைப் பார்த்தார்.

"'உனக்கு முன்னாடி நான் பார்த்தாச்சு, ஏறு'ன்னேன். நான் பார்க்கலை சார். அன்னிக்கு நான் விமானத்தைச் சுத்தவே இல்லை. அவதான் சுத்தினா. அவ மட்டும்தான்."

"அப்புறம்?"

"'சரி சார்'னு சொன்னா. அந்தச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு ஏறினா."

துரைக்கண்ணு கண்ணாடியைக் கழற்றினார். மடியில் வைத்துக்கொண்டார். முதுகு அப்போதுதான் கொஞ்சம் வளைந்தது.

அந்த நிமிஷத்தில் பரஞ்சோதிக்கு எங்கிருந்தோ ஓர் ஆங்காரம் வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற ஆங்காரம். ஆனால் அதில் பொய் இல்லை.

"சார், அது என் வார்த்தை இல்லை."

"எது?"

"'உனக்கு முன்னாடி நான் பார்த்தாச்சு, ஏறு.' அது உங்க வார்த்தை. இதே ஹேங்கர் வாசல்ல. இருபத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. பெட்ரோல் மூடி சரியா முறுக்கலை போலிருக்கு சார்னு நான் சொன்னேன். எல்லாப் பசங்களுக்கும் முன்னாடி வச்சு நீங்க சொன்னீங்க. அதோட விட்டீங்களா? வாத்தியாருக்கே பாடம் எடுக்கறியான்னு ஒரு மாசம் என்னை மேல ஏத்தலை. ஹேங்கரைப் பெருக்க விட்டீங்க."

"மூடி?"

"முறுக்கலைதான். மேலே போனதும் பெட்ரோல் ஒழுகிச்சு. நீங்களும் பார்த்தீங்க. கால் டேங்க்ல வந்து இறங்கினோம். இறங்கினப்புறம் நீங்க அதைப் பத்திப் பேசவே இல்லை. நானும் பேசலை. அன்னியிலிருந்து நான் யாரையும் ஒண்ணும் கேட்டதில்லை. என்னை யாரு கேட்டாலும் எனக்குப் பிடிக்கிறதும் இல்லை."

துரைக்கண்ணு எரிந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அது ஞாபகமே இல்லை," என்றார்.

"எனக்கு இருக்கு."

"அன்னிக்கு நாம விழலை."

"ஆமா சார்."

"விழுந்திருக்கணும்," என்றார் துரைக்கண்ணு. "நாம ரெண்டு பேரு அன்னிக்கே போயிருந்தா, இந்தப் பொண்ணு இருந்திருப்பா."

அவர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். பரஞ்சோதிக்கு அதுதான் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். துரைக்கண்ணு அவரைத் தேற்றவில்லை. தோளில் கை வைக்கவில்லை. அழுது முடிகிற வரைக்கும் காத்திருந்தார்.

பிறகு அறிக்கையைக் கேட்டார். பரஞ்சோதி சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். துரைக்கண்ணு முழங்கால்மேல் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

'புறப்படுமுன் விமானத்தைச் சோதித்தவர்' என்ற கட்டத்தில் பரஞ்சோதியின் பேரை அடித்தார். 'கோகிலவாணி' என்று எழுதினார். 'குறை ஏதும் இல்லை' என்பதை அடித்துவிட்டு, 'குறையைக் கண்டாள். இரண்டு முறை சொன்னாள்' என்று எழுதினார்.

'காரணம்' என்ற கட்டத்தில் கோகிலவாணியைப் பற்றிய வரி முழுவதையும் அடித்தார். அந்த இடத்தில் 'துரைக்கண்ணு' என்று எழுதினார். எழுதிவிட்டுப் பேனாவைச் சிஷ்யனிடம் நீட்டினார்.

"அடுத்த வரி உன்னுது."

பரஞ்சோதி பேனாவை வாங்கவில்லை.

"லைசென்ஸ் போயிடும் சார்."

"போகும்."

"கேஸ் போடுவாங்க."

"போடட்டும். ரெண்டு பேரும் போவோம்."

பரஞ்சோதி பேனாவை வாங்கினார். தன் பேரை எழுத இத்தனை நேரம் ஆகும் என்று அவர் நினைத்ததில்லை. எழுதி முடித்தபோது எழுத்து அவருடையது மாதிரியே இல்லை.

இருவரும் இறங்கினார்கள். துரைக்கண்ணு அந்த இடது பக்கத்துக்கு வந்து, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினார். லேசில் வரவில்லை. ரொம்ப நேரம் சுரண்டினார். கடைசியில் துளை தெரிந்தது. ஓர் எறும்பு நுழைகிற அளவு.

பெரியவளை அங்கேயே விட்டுவிட்டு ரன்வே மேலேயே நடந்து வந்தார்கள். தூரத்தில் கேட் தெரிந்தது. காக்கிச் சட்டையும் தெரிந்தது.

பரஞ்சோதியின் கால் நின்றுவிட்டது.

"சார், அவர்கிட்ட எப்படிப் போய் நிப்பேன்? விதின்னு சொல்லிட்டேனே."

"விதிக்கு மூணு விரல்தான்னு சொல்லு."

"சார்…"

"வேற என்ன சொல்லச் சொல்றே?"

"அவ சொன்னா, நான் கேட்கலைன்னு சொன்னா அந்த மனுஷனுக்குப் புரியுமா சார்? விமானம் அவருக்கு என்ன தெரியும்? அவர் பஸ் ஓட்டறவரு."

துரைக்கண்ணு நின்றார். சிஷ்யனை நேராகப் பார்த்தார்.

"வரும்போது அவரை விசாரிச்சேன். இருபத்தெட்டு வருஷமா ஒரு ஆக்சிடெண்டு கிடையாதாம். எப்படிய்யான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'பின்னாடியிருந்து ஒரு சின்னப் புள்ள கத்தினாக்கூட, முதல்ல பிரேக்கை மிதிச்சிருவேன் சார். என்னன்னு அப்புறம்தான் கேப்பேன்'னார்."